மரபணு இதயத்தைச் சென்றடைந்ததா?

கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' நோயால் பாதிக்கப்பட்ட ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலத்தில் அந்த ஐவரில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு ஏற்படவில்லை. செலுத்தப்பட்ட மரபணு வேலை செய்கிறதா என்பதை அறிய அந்த மருத்துவர்கள் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. நோயாளியின் கையிலிருந்து சிறிது ரத்தம் எடுத்து, உறைதலுக்குத் தேவையான எட்டாம் காரணி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

இதயத்துக்கு அப்படிப்பட்ட எளிய விடை எதுவும் இல்லை. இதயத் தசைக்குள் ஒரு மரபணுவை அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது விழித்துக்கொண்டதா, விழித்தது பயன் தந்ததா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் முழுமையாகச் சொல்லிவிடாது. டேனன் நோய், ஃபிரீட்ரைக் அடாக்ஸியா, இதயத் தசைத் தடிப்பு நோய் எனப் பரம்பரை இதய நோய்கள் பலவற்றுக்கும் மரபணு சிகிச்சை இன்று மனிதர்களிடம் சோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'மருந்து கிடைத்துவிட்டதா' என்பது மட்டுமல்ல. 'அது வேலை செய்ததை எப்படிக் கண்டறியப் போகிறோம்' என்பதும்தான்.

இதயப் படங்களைப் பார்த்துப் பொருள் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

பத்தாண்டுக்கு முந்தைய பாடம்

இதயச் செயலிழப்புக்கான மரபணு சிகிச்சையில் பெரும் நம்பிக்கையை எழுப்பியது 'கியூபிட்' என்ற ஆய்வு. இதயத் தசை செல் ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்கி விரிவதற்குக் கால்சியம் உரிய நேரத்தில் வெளிவந்து, உரிய நேரத்தில் உள்ளே திரும்ப வேண்டும். அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தின் பெயர் 'செர்கா2ஏ'. நலிந்த இதயத்தில் இதன் செயல்பாடு குறைந்துவிடுகிறது. எனவே இந்தப் புரதத்துக்கான மரபணுவை, நோய் உண்டாக்காத 'ஏஏவி' வைரஸின் கூட்டில் ஏற்றி இதயத் தமனி வழியாகச் செலுத்துவது என்று திட்டமிடப்பட்டது.

39 நோயாளிகளிடம் நடந்த முதல் கட்டுப்பாட்டு ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியானபோது நம்பிக்கை துளிர்த்தது. 2014-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்குத் 'திருப்புமுனை சிகிச்சை' என்ற தகுதியையும் வழங்கியது. ஆனால், 250 நோயாளிகளிடம் நடந்த அடுத்த ஆய்வின் முடிவு 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது எல்லாம் தலைகீழானது. மரபணு பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே மருத்துவமனைச் சேர்க்கையிலோ உயிரிழப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஏன் தோற்றது? இந்தக் கேள்விக்கான தடயம் ஆய்வு முடிந்த பின்னர்தான் கிடைத்தது. இறந்தவர்கள், இதய மாற்று அறுவைக்கு உள்ளானவர்கள் போன்ற சிலரின் இதயத் திசுவைப் பரிசோதித்தபோது, அதில் செலுத்தப்பட்ட மரபணு மிகச் சொற்ப அளவிலேயே காணப்பட்டது. அதாவது, மருந்து தோற்றதா அல்லது மருந்து இதயத்தை அடையவே இல்லையா என்பதே தெளிவாகவில்லை. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது உண்மையெனில் அந்த வழியைக் கைவிட வேண்டும். இரண்டாவது உண்மையெனில் செலுத்தும் முறையை மாற்றி மறுபடியும் முயல வேண்டும். 250 பேர் தங்கள் உடலை ஒப்படைத்த ஓர் ஆய்வு, இந்த இரண்டில் எது சரி என்பதைச் சொல்லாமலே முடிந்துபோனது.

இதில் மேலும் ஒரு வேதனை உண்டு. ஏஏவி வைரஸ் கூட்டை ஒருமுறை உடலில் செலுத்திவிட்டால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. அதே கூட்டை இரண்டாம் முறை செலுத்தினால் அது இலக்கை அடையும் முன்பே அழிக்கப்படும். இயற்கையாகவே இந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டிருந்த பலரை அந்த ஆய்வில் சேர்க்கவே முடியவில்லை. சேர்ந்தவர்களுக்கோ, கிடைத்த ஒரே வாய்ப்பு அதோடு முடிந்தது.

ஊசி முனையளவு திசு

இன்றுவரை இதயத்தில் மரபணு சேர்ந்ததை உறுதிசெய்ய நம்பகமான வழியாகக் கருதப்படுவது திசுப் பரிசோதனை. கழுத்து அல்லது தொடைப் பகுதி ரத்தக்குழாய் வழியாகக் கம்பி போன்ற கருவியைச் செலுத்தி, இதயத்தின் வலது கீழறையிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள சில துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார்கள். தேர்ந்த கைகளில் இது பெரும்பாலும் பாதுகாப்பானதே. ஆனாலும் இதயச் சுவரில் துளை விழுவது, துடிப்புக் கோளாறு போன்ற ஆபத்துகள் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. ஏற்கெனவே நலிந்த இதயமுள்ள ஒரு சிறுவனிடம் இதை மூன்று, நான்கு முறை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆபத்தைவிடப் பெரிய குறை வேறொன்று. மரபணு இதயம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஓரிடத்தில் அடர்ந்தும், மற்றோரிடத்தில் அறவே இல்லாமலும் இருக்கலாம். உடலுக்கு ரத்தம் அனுப்பும் பெரும்பணியைச் செய்வது இடது கீழறை. திசு எடுக்கப்படுவதோ பெரும்பாலும் வலது கீழறைப் பக்கத்திலிருந்து. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி பொருந்தும். இங்கே அப்படி இல்லை. உடலைக் கீறாமல், இதயம் முழுவதையும், திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடிய வழி தேவைப்படுவது இதனால்தான்.

படங்கள் சொல்வதும் சொல்லாததும்

நம்மிடம் உள்ள கருவிகள் குறைவல்ல. எக்கோ பரிசோதனை எளிது, மலிவு, சிற்றூர் மருத்துவமனைகளிலும் கிடைப்பது. ஆனால், ஒரே நோயாளியின் எக்கோ பதிவை இரு மருத்துவர்கள் தனித்தனியே அளந்தால், இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதத்தில் ஐந்து விழுக்காடு வரை வேறுபாடு வருவது நாங்கள் அன்றாடம் காண்பது. ஒரு புதிய சிகிச்சையின் பலனே அந்த ஐந்து விழுக்காடுதான் என்றால், எதை நம்புவது?

எம்ஆர்ஐ இதைவிடத் துல்லியமானது. இதயத் தசையின் எடை, அறைகளின் கொள்ளளவு, தசையில் விழுந்த தழும்பு, செல்களுக்கு இடையே பரவிய நார்த்திசு, வீக்கம் ஆகிய அனைத்தையும் கதிர்வீச்சின்றிக் காட்டக்கூடியது. பெட் ஸ்கேன், தசைக்குள் பாயும் ரத்தத்தின் அளவையே எண்ணாகத் தரவல்லது.

பெட் ஸ்கேனின் வலிமைக்குப் பின்லாந்தின் குவோப்பியோ நகரில் நடந்த ஆய்வு நல்ல சான்று. அடைப்பை நீக்க வழியில்லாத நெஞ்சுவலி நோயாளிகள் 30 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. புதிய ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் மரபணு, இதயச் சுவரின் தேர்ந்தெடுத்த பகுதிகளில் நேரடியாகச் செலுத்தப்பட்டது. கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீரைக் கொண்டு எடுக்கப்பட்ட பெட் படங்களில், மரபணு செலுத்திய பகுதியில் ரத்த ஓட்ட வளம் கூடியிருந்தது. ஓராண்டுக்குப் பின்னரும் அந்த மாற்றம் நீடித்தது. இந்தக் கதிரியக்க ஆக்சிஜனின் அரை ஆயுள் சுமார் இரண்டே நிமிடங்கள். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி பரிசோதனை அறைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். எனவே எல்லா ஊர்களிலும் இது சாத்தியமில்லை.

இத்தகைய படம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு முந்தைய வரலாறு விடை சொல்கிறது. நெஞ்சுவலிக்கான மரபணு சிகிச்சை ஆய்வுகளில் போலி மருந்து பெற்றவர்களும் 'வலி குறைந்தது' என்று சொன்னதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் அக்கறையான கவனிப்புக்கும் அந்த ஆற்றல் உண்டு. 80 நோயாளிகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ரத்த ஓட்டப் படங்களை ஒப்பிட்டபோது மரபணுவுக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நோயாளியின் சொல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம். ஆனால் மருந்தின் திறனை முடிவுசெய்ய அது மட்டும் போதாது.

ஆயினும் இந்தப் படங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. இவை காட்டுவது விளைவை மட்டுமே. இதயம் மேம்பட்டிருந்தால், அது மரபணுவால் நேர்ந்ததா, உடன் உட்கொண்ட மற்ற மாத்திரைகளால் நேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல இவற்றால் இயலாது. மேம்படாவிட்டால், மரபணு போய்ச் சேராததாலா, சேர்ந்தும் பயனில்லாததாலா என்பதையும் சொல்ல முடியாது. கியூபிட் ஆய்வு மாட்டிக்கொண்ட அதே முட்டுச்சந்துதான் இது.

எடை குறைந்தால் நோய் குறைந்ததா?

இப்போது விவாதம் சூடுபிடித்திருப்பது டேனன் நோய் குறித்து. 'லாம்ப்2' என்ற புரதம் இல்லாததால் செல்கள் தம் கழிவை அகற்ற முடியாமல் தவிக்கும் அரிய பரம்பரை நோய் இது. ஆண் பிள்ளைகளுக்கு இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்து, இதய மாற்று கிடைக்காவிட்டால் பலரும் இருபது வயதை ஒட்டியே உயிரிழக்கிறார்கள்.

ஏழு பேருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் முதற்கட்ட முடிவு 2024 நவம்பரில் வெளியானது. சிகிச்சைக்கு முன்பே இதயம் மிகவும் நலிந்திருந்த ஒருவருக்கு இதய மாற்று தேவைப்பட்டது. மற்ற ஆறு பேரின் இடது கீழறைத் தசை எடை 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. அடுத்த கட்ட ஆய்வில், திசுவில் புரதம் தென்படுவதோடு தசை எடை 10 விழுக்காடு குறைவதும் வெற்றிக்கான அளவுகோலாக வைக்கப்பட்டுள்ளது. ஒரு படத்திலிருந்து பெறப்படும் எண், ஒரு மருந்தின் ஒப்புதலையே தீர்மானிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை அரிய நோயில் ஆயிரம் பேரைத் திரட்டி, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் இன்றைய சிறுவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் எச்சரிக்கை தேவை. 1989-இல் வெளியான 'காஸ்ட்' ஆய்வை இதய மருத்துவர்கள் யாரும் மறந்துவிட முடியாது. மாரடைப்புக்குப் பின் தோன்றும் ஒழுங்கற்ற துடிப்புகளை இரு மருந்துகள் அழகாகக் கட்டுப்படுத்தின. இசிஜி வரைபடம் சீரானது. ஆனால், அந்த மருந்துகளை உட்கொண்டவர்களே அதிகமாக இறந்தார்கள். அளவுகோல் திருந்தியது, நோயாளி பிழைக்கவில்லை. தசை எடை குறைவது நல்ல அறிகுறியாக இருக்கலாம். அந்தக் குறைவு ஆயுளாக மாறுகிறதா என்பதை ஒப்புதலுக்குப் பின்னரும் தொடர்ந்து கண்காணித்தால்தான் தெரியும். வளரும் சிறுவர்களிடம் உடல் அளவும் மாறிக்கொண்டே இருப்பதால், எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த ஆய்விலேயே 2025 மே மாதம் ஒரு நோயாளி இறந்ததால் சோதனை நிறுத்திவைக்கப்பட்டு, மருந்தின் அளவைக் குறைத்துத் தொடர ஆகஸ்டில் அனுமதி தரப்பட்டது. மரபணு சிகிச்சைகள் சிலவற்றில் இதயத் தசை அழற்சியும் பதிவாகியுள்ளது. எனவே படத்தின் பணி பலனை அளப்பதோடு முடிவதில்லை. தீங்கைத் தொடக்கத்திலேயே கண்டறிவதும் அதன் பொறுப்பே. தசையின் வீக்கத்தைக் காட்டும் எம்ஆர்ஐ முறை இதற்கு உதவக்கூடியது.

மரபணுவையே படம் பிடித்தல்

விளைவுக்காகக் காத்திராமல் மரபணுவையே பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர், அம்பாலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சஞ்சீவ் சாம் கம்பீர். 2020-இல் மறைந்த அவர், 'அறிவிப்பு மரபணு' என்ற கருத்தை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். சிகிச்சை மரபணுவோடு இன்னொரு மரபணுவையும் சேர்த்து அனுப்புவது; அது செல்லுக்குள் விழித்துக்கொண்டால் ஒரு புரதத்தை உருவாக்கும்; அந்தப் புரதம், ஊசி மூலம் செலுத்தப்படும் கதிரியக்கப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; பெட் ஸ்கேனில் அந்த இடம் ஒளிரும். உயிருள்ள எலிகளின் இதயத்தில் இது சாத்தியம் என்று அவரும் சகாக்களும் 2002-இல் காட்டினார்கள். மூளைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தப்பட்ட சிகிச்சை செல்களை இதே முறையில் பின்தொடர்ந்த முடிவுகள் 2017-இல் வந்தன. இதய சிகிச்சையில் மட்டும் இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வழக்கமான நடைமுறையாகவில்லை.

தடை என்ன? முதலாவது, இடம். ஏஏவி கூட்டில் சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள மரபணுச் செய்தியைத்தான் ஏற்ற முடியும். இதயத் தசைத் தடிப்பு நோயில் அடிக்கடி பழுதாகும் 'எம்ஒய்பிபிசி3' மரபணுவின் புரதச் செய்தி மட்டுமே 3,800 எழுத்துகளுக்கு மேல். அதை இயக்கும் பகுதியையும் சேர்த்தால் கூடு நிறைந்துவிடும். அறிவிப்பு மரபணுவுக்கு இடமிராது. இரண்டாவது, அயல் புரதம் ஒன்றைச் சேர்ப்பதால் நோய் எதிர்ப்பு மண்டலம் சீறக்கூடும். தைராய்டு சுரப்பியில் இயல்பாகவே உள்ள அயோடின் கடத்திப் புரதத்தைப் பயன்படுத்தினால் இந்த இரண்டாவது சிக்கல் குறையும். வைரஸ் கூட்டின் மீதே கதிரியக்க அயோடினை ஒட்டி, அது உடலில் எங்கெங்கு செல்கிறது என்று பார்க்கும் முறை குரங்குகளிடம் சோதிக்கப்பட்டு 2020-இல் வெளியானது. கூடு சென்ற இடத்தை இது காட்டும். மரபணு விழித்ததா என்பதைக் காட்டாது. ஆயினும் கியூபிட் ஆய்வில் இந்த ஒரு தகவல் இருந்திருந்தால்கூடப் பல ஆண்டு உழைப்பு வீணாகியிருக்காது.

திசுப் பரிசோதனையின் இடத்தைப் படம் பிடிக்க முடியுமா என்று ஐயுறுவோர் அமைலாய்டு நோயைப் பார்க்கலாம். இதயத்தில் திரிந்த புரதம் படியும் இந்நோயின் ஒரு வகையை உறுதிசெய்ய முன்பு திசு எடுப்பதே வழி. எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் சாதாரணக் கதிரியக்கப் பொருளே, உரிய ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளோடு சேர்ந்தால் பெரும்பாலானோருக்கு அந்த வேலையைச் செய்துவிடும் என்பது 2016-இல் பன்னாட்டு ஆய்வால் நிறுவப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் படங்களையும் திசு முடிவுகளையும் பொறுமையாக ஒப்பிட்டதால் வந்த வெற்றி அது. குறுக்குவழி எதுவும் அங்கே இல்லை.

நமக்கும் பங்குண்டு

இவையெல்லாம் தொலைதூர நாடுகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேலே குறிப்பிட்ட எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு திரிபு, தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அது இதயச் செயலிழப்பு அபாயத்தோடு தொடர்புடையது என்பதையும் 2009-இல் வெளியான ஆய்வு உலகுக்குச் சொன்னது. அதை முன்னின்று நடத்தியவர்களில் பெருந்துறை தண்டபாணி, தங்கராஜ் உள்ளிட்ட நம் நாட்டு அறிவியலாளர்கள் இருந்தார்கள். திரிபு உள்ள எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளல்ல. யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்த மரபணுவை இலக்காகக் கொண்ட சிகிச்சை மேலைநாடுகளில் சோதனையில் இருக்கும்போது, அது பயன்படுமா என்ற கேள்வியில் நமக்கு உரிமையுள்ள அக்கறை உண்டு.

மரபணு சிகிச்சை ஆய்வுகளுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்டுவிட்டது. அந்த அடித்தளத்தின் மீது இதய ஆய்வுகளுக்கென மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, மரபணு சேர்ந்ததா, விழித்ததா, பயன் தந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனி அளவீடு என்ன என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். இரண்டாவது, படங்களை அளப்பவர்கள் மருந்து நிறுவனத்தோடு தொடர்பற்றவர்களாகவும், எந்த நோயாளிக்கு எது தரப்பட்டது, எந்தப் படம் முந்தையது, எது பிந்தையது என்று அறியாதவர்களாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் படங்களும் பல ஆண்டுகளுக்குப் பொதுப் பதிவேட்டில் சேர வேண்டும். ஆய்வை நடத்திய நிறுவனம் மூடப்பட்டாலும் அந்தத் தரவு மறையக் கூடாது.

செலவு கூடும், கதிர்வீச்சு சேரும், ஆய்வு தாமதமாகும் என்ற மறுப்புகள் எழும். கதிர்வீச்சு குறித்த கவலை நியாயமானது. குறிப்பாகச் சிறுவர்களிடம் எம்ஆர்ஐக்கே முதலிடம் தர வேண்டும். பெட் ஸ்கேனைத் தேவையான ஓரிரு தருணங்களுக்கு மட்டும் ஒதுக்கலாம். ஆனால் செலவு என்ற வாதம் நிற்காது. தண்டுவடத் தசைநலிவு நோய்க்கான மரபணு சிகிச்சைக்கு 2019-இல் அமெரிக்காவில் நிர்ணயிக்கப்பட்ட விலை 21 லட்சம் டாலருக்கும் மேல். நம் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். கோடிகளில் விலை வைத்து விற்கப்படும் ஒரு பொருள் இலக்கை அடைந்ததா என்று சில ஆயிரம் ரூபாய்ப் படத்தால் சரிபார்ப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஊர் கூடி நன்கொடை திரட்டி இத்தகைய மருந்தை வாங்கும் பெற்றோருக்கு, அது வேலை செய்ததா என்று அறியும் உரிமை நிச்சயம் உண்டு.

தாமதம் என்ற வாதத்துக்கும் விடை உண்டு. கியூபிட் ஆய்வுக்குப் பின்னர் இதய மரபணு சிகிச்சைத் துறையே பல ஆண்டுகள் தளர்ந்துபோனது. ஏன் தோற்றோம் என்று தெரியாத தோல்விதான் மிகப் பெரிய தாமதம். ஓர் ஆய்வுக்குத் தன்னை ஒப்படைக்கும் நோயாளி, தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வாய்ப்பைச் செலவிடுகிறார். சிகிச்சை பலித்தால் நன்று. பலிக்காமல் போனாலும், அது எந்த இடத்தில் தடைபட்டது என்பதையாவது அடுத்து வருபவருக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான கருவிகளில் பெரும்பகுதி நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதிதான் இன்னும் எழுதப்படவில்லை.